பாடும் பாட்டும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தாலும் நிம்மதி கிடைக்காது. ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். போன மாதம் அப்படி ஒரு பயணத்தில், பக்கத்து இருக்கைக்காரர் காலிக் கூடையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, காதில் இயர்போனுடன் கண்ணை மூடியிருந்தார். கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். ஆழ்ந்த தியானத்துக்கான மூன்று மணி நேர இசை என்று திரை சொன்னது. திருப்பாலைவனம் வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. இசை வேலை செய்ததா, விடியலில் எழுந்த களைப்பா என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகம்தான் இந்தக் கட்டுரை. மனத்தை அமைதிப்படுத்தும் இசை என்று ஒன்று உண்மையில் உண்டா? உண்டென்றால் உடம்புக்குள் அது எந்த வழியாக வேலை பார்க்கிறது?

கேள்வியைக் கேட்பதற்குத் திருப்பாலைவனம் பொருத்தமான ஊர். பெயரில் பாலைவனம் இருக்கிறதே தவிர, சுற்றிலும் வயல்கள், கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக் கடல். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். சிவன் கோயிலின் தல மரமும் பாலைதான். ஆனால் தமிழில் பாலைக்கு இன்னொரு பொருளும் உண்டு. மரம், நிலம் இரண்டையும் தாண்டி, பழந்தமிழ் இசையில் சுரங்களை அடுக்கும் முறைக்கே பாலை என்று பெயர். செம்பாலை என்பது இன்றைய அரிகாம்போதி என்று இசையறிஞர் பலரும் சொல்வார்கள்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு யாழை வருணிக்கிறார். அதில் பாலைப் பண்ணை எழுப்பினால், வழிப்பறிக் கள்வர்கள் கையிலிருந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்களாம். கொடுமை போய் அருள் வந்துவிடுமாம். கவிஞர்களின் வழக்கமான மிகை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இது ஒரே ஒரு இடம் அல்ல. தினை மேய வந்த யானை, மலைக்குறப் பெண்ணான கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடக் கேட்டு மேய்ச்சலை மறந்து உறங்கிப்போவது அகநானூற்றின் 102ஆம் பாட்டில் வருகிறது. போரில் புண்பட்டவன் கிடக்கும் வீட்டில் யாழும் பிற கருவிகளும் இசைத்து, காஞ்சிப் பண் பாடிக் காவல் இருப்பது புறநானூற்றின் 281ஆம் பாட்டில். கள்வன், யானை, காயம்பட்ட வீரன். மூவருக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: உடம்பு முழுக்க முறுக்கேறிய நிலை. இசை அந்த முறுக்கைத் தளர்த்தும் என்பதைச் சங்கப் புலவர்கள் பழகிய செய்தியாகப் பேசுகிறார்கள்.

முறுக்கு எப்படி ஏறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். அதற்கும் பழவேற்காடு உதவும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் கூட்டம் கூடும். ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். அதனால் நெருப்பு முதலில் தெரியும், உறுமல் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்து வரும். விவரம் தெரிந்த பிள்ளைகள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். உறுமல் வந்ததும் கைதட்டுவார்கள். அதே கரையில், ராக்கெட் விஷயமே தெரியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்.

ஒரே ஒலிதான். ஒருவருக்குக் கொண்டாட்டம், இன்னொருவருக்குக் கிலி.

கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு மூடி கிடையாது. தூங்கும்போதும் காது விழித்திருக்கிறது. எதிர்பாராத ஓசை வந்தால் அது என்ன ஓசை என்று மூளையின் மேல்தளம் யோசிக்கும் முன்பே, தண்டுப்பகுதி உடம்புக்கு உத்தரவு போட்டுவிடும். கண் சிமிட்ட நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் போதும். அடுத்துப் பரிவு நரம்பு மண்டலம் எழுந்துகொள்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசை இறுகுகிறது. காட்டில் வாழ்ந்த காலத்தில் உயிர் காத்த ஏற்பாடு இது. பஸ் ஸ்பீக்கருக்கும் அலுவலக போனுக்கும் இதே ஏற்பாடு நாள் முழுக்க எழுந்து எழுந்து உட்கார்வதைத்தான் நாம் டென்ஷன் என்கிறோம்.

எண்ணிக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு ஏன் கிலி இல்லை? அடுத்து என்ன வரும் என்று அவர்களுடைய மூளை முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தது. வந்தது சொன்னபடியே வந்தது. இசையின் அடிப்படை வேலையும் இதுதான். தாளம் என்பது அடுத்த அடி எப்போது விழும் என்ற வாக்குறுதி. பல்லவி திரும்ப வருவதும் ஒரு வாக்குறுதி. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வலோரி சாலிம்பூரும் ராபர்ட் ஸடோரேயும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த பாட்டின் உச்சக்கட்டம் வரும்போது மட்டுமல்லாமல், அது வரப்போகிறது என்று காத்திருக்கும் கட்டத்திலும் மூளையில் டோபமைன் சுரப்பதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். தெரிந்த பாட்டு ஏன் இதம் தருகிறது என்பதற்கு இது ஒரு பாதி விடை.

மறுபாதி மூச்சில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பாதிதான்.

இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மூச்சை இழுங்கள், பிறகு நீளமாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது சற்றுத் தணியும். மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போன்றது. மூச்சு வெளியேறும்போது அந்தப் பிரேக் அழுத்தப்படுகிறது. ஆக, விடும் மூச்சை நீட்ட நீட்ட இதயம் நிதானப்படும். பாட்டு என்பது என்ன? குரல்வளை வழியாகக் கட்டுப்படுத்தி, நிறுத்தி நிறுத்தி வெளியே விடும் மூச்சு. பாடுகிறவர் சட்டென்று இழுத்து நீளமாக விடுகிறார். தியானம் என்று பெயர் வைக்காமலே பிராணாயாமத்தின் ஒரு பகுதி அங்கே நடந்துவிடுகிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அது 6 ஆகக் குறையும்போது ஒரு விசேஷம் நடக்கிறது. கழுத்து ரத்தக் குழாயில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை இதயத்தைத் தணிக்க, அழுத்தம் இறங்கும். இந்தச் சுற்று ஒருமுறை வந்து முடியச் சுமார் 10 நொடி. மூச்சும் 10 நொடிக்கு ஒன்று என்று அமைந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரம் போவது போல, ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் அந்த ஏற்பாடு வலுவாக வேலை செய்யத் தொடங்குகிறது.

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நின்றது. செபமாலையில் முன்பாதியைக் குருவானவர் சொல்ல, பின்பாதியை மக்கள் சொல்வார்கள். இந்தச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 10 நொடி. மதம் வேறு, மொழி வேறு, மூச்சுக் கணக்கு ஒன்றே. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலில் மாலை நேரம் செபமாலை சொல்கிறவர்களின் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் நமக்கே தெரிந்துவிடும்.

ஒருவர் சொல்ல, மற்றவர்கள் எடுத்துக்கொள்வது. இந்த அமைப்பை மீனவர் ஊர்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்பாப் பாட்டு முழுக்க அப்படித்தான் இருக்கும்.

தமிழகக் கரையிலும் இலங்கைத் தமிழர் கரையிலும் வலை இழுக்கும்போது, தண்டு என்னும் துடுப்பை வலிக்கும்போது பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரு முனைக் கயிறுகளும் கரையில் இரண்டு கூட்டத்தார் கையில். மடியில் மீன் இருக்கிறதோ இல்லையோ, தண்ணீரின் கனம் மட்டுமே ஆளை இழுத்துவிடும். ஒருவர் முன்பாட்டு எடுப்பார். அந்த அடி முடியும் இடத்தில் அத்தனை பேரும் ஏலேலோ என்று சேர்ந்து குரல் கொடுப்பார்கள்; குரல் கொடுக்கும் அந்தக் கணத்தில்தான் இழுப்பு. குதிகாலை மணலில் புதைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி இழுக்கிறார்கள். முன்பாட்டுக்காரர் அடுத்த அடியைப் பாடும் நேரம் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும் நேரம். கவனித்தால், பாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது இழுக்கும் ஆட்களின் நுரையீரல். கனம் கூடினால் பாட்டு தானாக மெதுவாகும்.

இதில் களைப்பு குறைகிறது என்பது வெறும் பேச்சில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகளை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2010இல் அச்சானது. தனியாகத் துடுப்புப் போட்ட நாளைவிட, குழுவாக ஒரே ஒழுங்கில் துடுப்புப் போட்ட நாளில் அவர்கள் வலியை அதிகம் தாங்கினார்கள். உழைப்பின் அளவு இரண்டு நாளும் ஒன்றுதான். உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் கூடுவதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் இளைஞர்கள் சிலரைச் சேர்ந்து பாட வைத்தபோது, ஒரே இடத்தில் மூச்சு வாங்கியதால் அவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. ஒருமனப்பாடு என்று நாம் சொல்வது வெறும் உருவகம் இல்லை போலிருக்கிறது.

பழவேற்காட்டில் பாடு என்ற சொல்லுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவர் இறங்கலாம், வராதவர் காத்திருக்க வேண்டும். பாட்டிலும் அதே முறைதான்: முன்பாட்டுக்காரர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். பாடு என்றால் கஷ்டம் என்றும் பொருள். அதை ஏரிக்கரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எல்லா வேலைக்கும் பாட்டு வாய்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏரியில் ஆழம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுதான். அதில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். பிடித்த இறாலைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருப்பார்கள். வாய் அடைபட்டபின் பாடுவது எங்கே? விரல் நுனியில் இறால் துள்ளும் அந்த ஒரு அசைவுக்காக மூக்கால் மெல்ல மூச்சு விட்டபடி நகர்கிறார்கள். கவனம் முழுக்க விரலில். தியான வகுப்பில் காசு கொடுத்துக் கற்பது இதைத்தான் என்று எழுதலாம். ஆனால் மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய கால்களைப் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார்.

கடல் பக்கம் ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபின் அம்பா பின்வாங்கிவிட்டது. தண்டு வலித்த கைகள் இன்று எஞ்சின் பிடியில். எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவே கத்த வேண்டும், பாட்டு எப்படி எடுபடும்? உழைப்பு குறைந்தது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கூடவே ஒன்று போயிற்று என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பின்வாங்காமல் நிற்பது தாலாட்டு. வீட்டு உத்திரத்தில் கட்டிய சேலைத் தூளியை ஆட்டியபடி ஆராரோ சொல்லும் தாய்க்கோ ஆயாவுக்கோ யாரும் நரம்பியல் சொல்லித்தரவில்லை. தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. உயிரெழுத்துகள் நீள்கின்றன, சுரங்கள் ஏறுவதைவிட இறங்குவதே அதிகம், ஒரே அடி திரும்பத் திரும்ப வருகிறது. கர்நாடக இசையில் தாலாட்டுக்கு நீலாம்பரி என்று ஒரு ராகத்தையே ஒதுக்கிவைத்திருக்கிறோம். இது வெறும் பழக்கமா? ஹார்வர்டு ஆய்வாளர்கள், அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். 2020இல் முடிவு வெளியானது. தாலாட்டல்லாத பாட்டைக் கேட்டபோது இருந்ததைவிட, புரியாத மொழித் தாலாட்டைக் கேட்டபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. சொல் புரிய வேண்டியதில்லை. தூளிக்கும் சாட்சி உண்டு: 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜெனீவாவில் பெரியவர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்கவைத்தார்கள். நான்கு நொடிக்கு ஓர் ஆட்டம். அசையாத கட்டிலில் படுத்ததைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள்.

இனி ஏரிக்கு வருவோம். மோட்டார் நிறுத்திய படகில் உட்கார்ந்தால் கேட்பது தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம். குளிர்காலமாக இருந்தால் தூரத்தில் பூநாரைக் கூட்டத்தின் முனகல். இப்படிப்பட்ட நீரோசை பற்றி ஜூரிக் பல்கலைக்கழகத்தின் மிரியம் தோமா குழு 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இசைக்காரர்களுக்குச் சற்றுச் சங்கடம் தருவது. 60 பெண்கள். ஒரு பகுதியினருக்கு அமைதியான தேவாலய இசை, ஒரு பகுதியினருக்குச் சலசலக்கும் நீரோசை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. பிறகு எல்லோரையும் பிறர் முன்னால் பேசவிட்டுக் கணக்குக் கேட்டுப் பதற வைத்தார்கள். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் மிகக் குறைவாக ஏறியது நீரோசை கேட்டவர்களுக்கு. இசை கேட்டவர்களுக்குத்தான் அதிகம்! ஆனால் பதற்றம் முடிந்தபின் பரிவு நரம்பு மண்டலம் சீக்கிரம் தணிந்தது இசை கேட்டவர்களுக்கு. ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தண்ணீரே பாடும் ஊர் ஒன்றும் தமிழர்களுக்கு உண்டு. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நிலா இரவுகளில் படகுத் துடுப்பை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் சுரம் போல ஓர் ஒலி கேட்கும் என்பார்கள். பாடும் மீன் என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. அந்த மண்ணில் பிறந்த விபுலாநந்த அடிகள் அவ்வொலியை ‘நீரர மகளிர்’ இசையாகப் பாடினார்; 1947இல் வெளிவந்த அவருடைய ‘யாழ் நூல்’ பழந்தமிழர் பாலைகளை மீட்டெடுக்க முயன்ற பெருநூல். காயலோரத்தில் காது கொடுத்து உட்கார்ந்த ஒருவரிடமிருந்து அது வந்ததில் எனக்கு வியப்பில்லை.

மருத்துவமனைகள் இசையின் இந்தப் பலனை எப்படிப் பார்க்கின்றன? 2015இல் லான்செட் இதழ் 73 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரையை வெளியிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முன்போ, நடுவிலோ, பின்போ இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலிமாத்திரையும் குறைவாகத் தேவைப்பட்டது. மயக்க மருந்தில் இருந்தவர்களுக்குக்கூட ஓரளவு பலன். ஆனால் வீட்டுக்குப் போகும் நாள் முன்கூட்டி வரவில்லை. இந்தக் கடைசி வரியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளுக்கு நேரடி இசை தந்து பார்த்தார்கள். சிறு உலோக மணிகள் அடைத்த வட்டத் தட்டு ஒன்றைச் சாய்த்துச் சாய்த்துக் கருப்பையின் நீரோசை போல எழுப்பினார்கள். தட்டின் பெயரே கடல் தட்டு. அதைக் கேட்ட குழந்தைகள் நன்றாகத் தூங்கின. பெற்றோருக்குப் பிடித்த பாட்டையே தாலாட்டாக மாற்றிப் பாடியபோது பெற்றோரின் பதற்றமும் குறைந்தது.

இவ்வளவு சாட்சி இருக்கும்போது, அதை மீறிப் பொய் சொல்லத் தேவையே இல்லை. ஆனாலும் சொல்கிறார்கள். சர்க்கரைக்கு இந்த ராகம், மூட்டுவலிக்கு அந்த ராகம் என்று மருந்துச் சீட்டு போல ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதற்குத் துணையாக முத்துசுவாமி தீட்சிதர் கதையை இழுப்பார்கள்: சீடர் தம்பியப்பனின் வயிற்றுவலி தீர அடாணா ராகத்தில் குரு பகவான் மீது கீர்த்தனை பாடினார் என்று. தீட்சிதர் குடும்பம் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் சில காலம் வாழ்ந்த மணலி, பழவேற்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் எட்டிவிடும் ஊர்தான். கதை எனக்கும் பிடிக்கும். தன் குருநாதர் தனக்காகவே பாடுகிறார் என்று நம்பி, நீளமாக மூச்சு விட்டுத் தானும் பாடிய சீடருக்கு வலி தணிந்திருக்கலாம். அதனால் அடாணா வயிற்றுவலி மருந்தாகிவிடாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ராகம் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இன்னொரு வியாபாரம் 432 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் சுருதி சேர்த்த இசைதான் குணமாக்கும், வழக்கமான 440 கெடுதல் என்கிறார்கள். 440 என்பது மேற்கத்தியர்கள் 1939இல் லண்டனில் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பொது அளவு, அவ்வளவுதான். நம் பாடகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு கட்டையில் பாடும் ஆணும் ஐந்து கட்டையில் பாடும் பெண்ணும் ஒரே நீலாம்பரியைத்தான் பாடுகிறார்கள். இருவருக்கும் ஷட்ஜம் வேறு வேறு இடம். சுருதியைக் குரலுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இசை மரபில் வளர்ந்தவர்கள், ஒற்றை எண்ணில் மந்திரம் இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமே இல்லை. மொசார்ட் கேட்டால் பிள்ளை அறிவாளி ஆகும் என்ற பேச்சும் இப்படித்தான் கிளம்பியது. 1993இல் கல்லூரி மாணவர்களிடம் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் தென்பட்ட சிறு மாற்றத்தை வைத்து, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார்.

சரி, பஸ்ஸில் கண்மூடியிருந்த அந்த மனிதருக்கு என்ன சொல்வது? அவர் செய்ததில் பெரிய தவறில்லை. இயர்போன் ஒலியைப் பாதிக்குக் கீழே வைக்கலாம்; ஸ்பீக்கரை அமுக்க அதைவிட உரக்க வைத்தால் காது கெடும், அமைதியும் வராது. நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு வரும் மெதுவான இசை, திடீர் உச்சங்கள் இல்லாதது, முடிந்தால் சொற்கள் இல்லாதது, முக்கியமாக அவருக்குப் பழகியது. யாரோ ஒருவருக்கு இதமான புல்லாங்குழல் அவருக்குச் சாவு வீட்டு நினைவைக் கொண்டுவரலாம். நாயனமோ பழைய சினிமாப் பாட்டோ போதும். கேட்பதோடு நிற்காமல் கூடவே முணுமுணுத்தால் இன்னும் நல்லது, மூச்சு நீளும். மூன்று மணி நேரம் வேண்டாம். இருபது நிமிடம் போதும்.

ஏனென்றால் பெர்னார்டி குழு 2006இல் இன்னொன்றையும் கண்டது. இசைத் துண்டுகளுக்கு நடுவே, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நிமிட மௌனத்தைச் செருகினார்கள். வேகமான இசையில் மூச்சும் இதயமும் விரைந்தன, மெதுவான இசையில் அவ்வளவாக இல்லை, இது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அந்த மௌனம். இசை தொடங்குமுன் இருந்த நிலையைவிடவும் கீழே அப்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கின. எந்த இசையைவிடவும் ஆழ்ந்த ஓய்வு, இசை நின்ற அந்த இரண்டு நிமிடத்தில்தான் கிடைத்தது. மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஓடும் தியான இசை அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் தருவதில்லை.

அம்பாவில் அந்த இடைவெளி உண்டு. ஓர் இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில், கயிறு தளராமல் பிடித்தபடி எல்லோரும் சும்மா நிற்கும் நேரம். நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் அம்பாவின் சொற்கள் அச்சாகியிருக்கின்றன. எங்கே மூச்சு வாங்கினார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பது அச்சில் வராது. ஏரிக்கரை ஊர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் வலை இழுத்த தாத்தாவோ தாலாட்டுப் பாடிய ஆயாவோ இருந்தால் இந்த வாரமே போனில் பதிவு செய்யுங்கள். பாட்டை மட்டும் வெட்டி எடுக்காமல், நடுவில் அவர்கள் நிறுத்தும் இடங்களையும் அப்படியே விட்டுவையுங்கள்.